பதினான்காம் நாள்

ஏப்ரல் 26, 2025, சனி

கோலாலம்பூர் வெள்ளத்தில் மூழ்கியதே, அந்த வருடம். மலாய்க்காரர் சீனர் கலவரம் முடிந்து இருபது மாதம் ஆகியிருந்தது. எங்கள் எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் புகைவீட்டின் கூண்டு இடி விழுந்து சரிந்ததும் அதே மழையில்தான். பொங்கலுக்கு ஒன்பது நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் சங்கு பத்து மணிக்கு ஊதி அடங்கிய பிறகு என் தங்கச்சி மங்கம்மாவுக்குப் பெண் பிறந்தது. அதுதான் மோகனா.

இதை இன்றைக்கு ஏன் சொல்கிறேன்? மோகனா வந்திருந்தாள். அவள் மகள் ரோகினிக்குப் பரீட்சையில் ஏழு 'ஏ' கிடைத்திருக்கிறது. கேக் கொண்டு வந்தாள். காலேஜில் சேர ஐசி நம்பர், அடையாள அட்டை நம்பர், கேட்கிறார்களாம். ரோகினிக்கு ஐசி இல்லை, ஏனென்றால் மோகனாவுக்கு ஐசி இல்லை. மோகனாவுக்கு ஏன் இல்லை என்றால், பிறந்த சூராட், பிறப்புப் பத்திரம், இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது என் மருமகள் விமலா போனில் போட்டுக் கொடுத்தது. பொத்தானை அமுக்கிப் பேசினால் எழுத்து விழுகிறது, தேதியும் தானே விழுகிறது. "மாமா, உங்க பழைய கதையெல்லாம் இதுகிட்ட சொல்லுங்க. எங்களக் கொஞ்சம் விட்டுடுங்கலா" என்றாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசினால்தான் சரியாக விழுமாம். அறுபது வருடமாக அந்தச் செய்தியைக் கேட்டவன் நான், அது வரும். கோபம் வந்தால் மட்டும் லயத்துப் பேச்சு, தோட்டத்து வரிசை வீட்டுப் பேச்சு, வந்துவிடுகிறது.

என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரந்தாவ் கோயில் மண்டபத்துக்கு மோகனாவும் ரோகினியும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தியசீலன் என்பவர் அங்கே உட்கார்ந்து சூராட் இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு வாங்குவதில்லை.

மோகனா பிறந்த நாளை அவருக்குச் சொன்னேன். வெள்ளம், புகைவீடு, சங்கு, எல்லாம். போனில் பழைய காலண்டரைத் தேடிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமையேதான்! தாத்தா, உங்களச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு விவரம் சொன்னார். மே இருபத்தேழாம் தேதி செரம்பான் ஆபீசில் நாள் வாங்கியிருக்கிறார். பிறந்ததை நேரில் அறிந்த சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நான். இன்னொருவர் ரத்த சொந்தம் இல்லாதவராக இருக்க வேண்டும். மோகனாவுக்குக் காகிதம் வந்தால் அதே காகிதத்தை வைத்து ரோகினிக்கும் கேட்கலாம். காலேஜ்காரன் மே மாதக் கடைசி வரைதான் பொறுப்பான்.

"அப்பறம் இன்னொண்ணு. அப்பவே ஏன் பதியலன்னு காரணம் எழுதணும். சத்தியம் பண்ணிக் கைநாட்டு வைக்கணும். அதுல பொய் இருந்தா கேஸ் ஆயிடும், தாத்தா. ஏன் பதியல?"

மோகனா எனக்கு முன்னால் பதில் சொன்னாள். "பதிஞ்சாங்க சார். மாமாதான் போய்ப் பதிஞ்சாரு. ஆபீஸ்ல தொலைச்சிட்டாங்க."

நான் கோயில் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

வயிறு சரியில்லை என்று சொன்னேன். விமலா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை.

மே 1, வியாழன்

வேலைக்கு விடுமுறை நாள். என் மகன் மகேந்திரன் லோரியை வாசலில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். நான் கோழிக்கூண்டுப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறேன்.

அன்றைக்கு மங்கம்மா வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். மங்கம்மா இப்போது இல்லை. அவள் புருஷன் மரம் விழுந்து செத்தான், மோகனாவுக்கு அப்போது நாலு வயது. மருத்துவச்சி மாரியம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு குழந்தை பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். அவளும் போய்ச் சேர்ந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவி, எதிர் வீட்டுக்காரி, இரண்டு பேரும் தோட்டம் விற்கிறதுக்கு முன்பே போய்விட்டார்கள். மாரியம்மாவின் மகள் ரதி, அப்போது பன்னிரண்டு வயது, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கல்யாணம் பண்ணி கோலா பிலா ஊருக்குப் போனாள். ரதி இருக்க வேண்டும். ரதி இருந்தால் போதும்.

இன்னொருவர் இருக்கிறார்.

அந்த அம்மாவின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். சொன்னால் எழுத்தாகிவிடும்.

மே 4, ஞாயிறு

மண்டபத்தில் யுனிவர்சிட்டிப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். தோட்டத்திலிருந்து வந்த சனங்கள் ஏன் இன்னும் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறாளாம். கையில் ஒரு பலகை மாதிரி, அதில் ஐந்து காரணம் இருக்கிறது. ஒன்றைத் தொடச் சொன்னாள். குடி, படிப்பு இல்லாதது, சேமிக்காதது, கூட்டாளி சரியில்லாதது, பிள்ளைகள் அதிகம்.

"எதுன்னு நினைக்கிறீங்க, தாத்தா?"

விமலாவைக் கேட்டால் பட்டென்று குடி என்பாள். அவள் அப்பன் அப்படிப் போனவன். ஆனால் மோகனா? அவள் குடித்தாளா? ஒரே பிள்ளை. பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது, கொண்டுபோன காகிதத்தைப் பார்த்து, இது சூராட்டே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐசி இல்லாததால் தோட்டத்துச் செக்ரோலில், ஆள் கணக்குப் புத்தகத்தில், அவள் பெயர் ஏறவில்லை. பதினைந்து வருடம் அம்மா பெயரில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தாள். மங்கம்மா மூட்டு வலியில் வீட்டில் கிடந்தாள், மங்கம்மா பெயருக்குச் சம்பளம் வந்தது. தோட்டத்தை விற்றபோது நஷ்ட ஈடும் மங்கம்மா பெயருக்குத்தான். அது ஆஸ்பத்திரியோடு சரி. மோகனாவுக்கு வீடு கேட்க முடியவில்லை. ஷங்கரைக் கட்டிக்கொண்டாள். நல்ல பையன், ஐசி உள்ளவன். ஆனால் கோயிலில் தாலி கட்டினதைப் பதிய முடியவில்லை. அவன் மோட்டாரில் அடிபட்டுச் செத்தபோது அவனுடைய சேமநிதிப் பணம் அவன் அண்ணனுக்குப் போனது. ரோகினி பிறந்த சூராட்டில், இந்த நாட்டுக்காரி இல்லை என்று அச்சடித்து வந்தது. இப்போது மோகனா செண்டாயானில் ஒரு ஃபாக்டரியில் கக்கூஸ் கழுவுகிறாள். அங்கேயும் குத்தகைக்காரன் கைக்காசாகத்தான் கொடுக்கிறான்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பலகையை மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள்.

"இதுக்கு இதுல இடம் இல்ல தாத்தா. 'மற்றவை'ன்னு போட்டுக்கட்டா?"

போட்டுக்கொள் என்றேன். ஒன்றைப் பிடித்து ஒன்றாக எல்லாம் சொன்னவன், முதல் கண்ணியை மட்டும் சொல்லவில்லை.

மே 7, புதன்

விமலா பின்பக்கம் துணி காயப் போட வந்தாள். "என்ன மாமா, கோழிகிட்ட ஜோசியம் கேக்குறீங்களா?" என்றாள். போனைச் சட்டைக்குள் போட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே எனக்கு.

ஆனால் அவள் எடுத்துப் பார்க்கிறவள் இல்லை. அப்படியா? தெரியாது.

மே 9, வெள்ளி

கோலா பிலாவுக்குப் போனோம், நானும் மோகனாவும். வெள்ளிக்கிழமை லீவு கிடையாது என்று குத்தகைக்காரன் சொல்லியிருக்கிறான். "பரவால்ல மாமா, ஒரு நாள்தான" என்று வந்துவிட்டாள். பஸ்ஸில் முழு நேரமும் ரதியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். எப்படி இருப்பாங்க? ஞாபகம் இருக்குமா அவங்களுக்கு? வெறுங்கையோட போகக் கூடாதுன்னு பிஸ்கட் டின் வாங்கியிருக்கேன், நல்லதுதான மாமா?

ரதி வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரைக் கேட்டோம். சிறிய ரப்பர் தோட்டத் துண்டு ஒன்றின் ஓரத்தில் பலகை வீடு. அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"ரதியா? போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முந்தி போயிட்டா."

மோகனா பிஸ்கட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் உட்காரச் சொன்னார். காப்பி போட்டுத் தந்தார். ரதி அடிக்கடி அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுவாளாம். தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிற கிராணி வீட்டு அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு லயத்துக்குள் வந்ததை, சேற்றில் ஒரு பூட்ஸ் மாட்டிக்கொண்டதை, சிரித்துச் சிரித்துச் சொல்வாளாம்.

மோகனா என் பக்கம் திரும்பினாள். "கிராணி வீட்டம்மாவா? யாரு மாமா அது?"

"அவங்கல்லாம் அப்பவே சிலோன் பக்கம் போயிட்டாங்க" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

மே 10, சனி

பிஸ்கட் டின்னை மோகனா அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

மே 12, திங்கள்

விசாக நாள். மோகனா வேலைக்குப் போகவில்லையே என்று பார்த்தேன். விடுமுறை என்பதால் இல்லை. வெள்ளிக்கிழமை வராததற்கு இனி வரவே வேண்டாம் என்று குத்தகைக்காரன் சொல்லிவிட்டான். மற்றவர்களுக்கு இப்படிச் செய்தால் லேபர் ஆபீசுக்குப் போவார்கள். இவள் எந்தக் காகிதத்தைக் காட்டிப் போவாள்?

"விடுங்க மாமா. வேற கக்கூஸ் இல்லாமலா போயிடும் இந்த ஊர்ல" என்று சிரித்தாள்.

மகளுக்காக ஒரு நாள் லீவு போட்டாள். அந்த ஒரு நாளுக்கு வேலை போனது. அதற்குச் சிரிக்கிறாள்.

கோழிக்கு இரண்டு தடவை தீனி போட்டேன்.

மே 14, புதன்

விமலா வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் யாரும் இல்லை. சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது ஒரு முறை சொல்லிப் பார்த்தால்தான் வாய் பழகும்.

அந்த மழை பதினோரு நாள் விடாமல் அடித்தது. மழையில் மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் செக்ரோலில் பெயர் விழாது, பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மருத்துவச்சி வர முடியாத அந்தச் செவ்வாய்க்கிழமை, கிராணி விசுவலிங்கத்தின் மனைவி லயத்துக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் செரம்பான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர். கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். அவர் வைத்தார். பிள்ளையைக் கையில் வாங்கியவர் அவர்தான். மங்கம்மா வீட்டுத் தகரக் குவளையில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அதற்குக் கிராணி அவரைத் திட்டியது எங்கள் லயம் வரைக்கும் கேட்டது.

போகும் முன் ஒரு துண்டுக் காகிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். "பதினாலு நாளுக்குள்ள ரந்தாவ் போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துப் பதிஞ்சு போடு, கணேசு. மறக்கப்படாது." மங்கம்மாவின் புருஷன் காய்ச்சலில் கிடந்தான். வேலை என் தலையில் விழுந்தது.

மழையில் பாலம் போய்விட்டது. அப்புறம் பொங்கல். பதினான்காம் நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் பாலத்தைத் திரும்பப் போட்டு முடித்திருந்தார்கள். நல்ல வெயில்.

விடியக்காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நின்றோம். கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னேன், "ஐயா, இன்னைக்கு ரந்தாவ் போகணும், புள்ளயப் பதிய."

"போ. ஆரு வேண்டாம் எண்டது? உன்ர பேருக்கு நேர கோடு விழும். மாசம் இருபது நாளுக்குக் குறைஞ்சவனுக்கு வீடு இல்லையெண்டு துரை சொல்லிப்போட்டார். நான் என்ன செய்யிறது?"

பதினோரு நாள் மழையில் போனது. இன்னும் ஒரு நாள் போனால் இருபது தேறாது. அடுத்த மாதம் இலையுதிர்ந்தால் பாலும் இருக்காது. எனக்கு இருபத்து நாலு வயது, கல்யாணம் ஆகி ஆறு மாதம். வீடு போனால் எங்கே போவேன்? கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். நாளைக்குப் பதியலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் வெயில். அதற்கு மறுநாள் ஒருவன் சொன்னான், நாள் கடந்து போனால் போலீஸ் உள்ளே போட்டுவிடும் என்று. படித்தவன் இல்லை அவனும். அந்தத் துண்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் வந்து பிள்ளைக்கு அம்மை குத்தினார். ஒரு கார்டு கொடுத்தார். அதில் சிவப்பு முத்திரை. அதை வாங்கி மங்கம்மா கையில் கொடுத்தேன். "இந்தா, சூராட்" என்றேன்.

லயத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. முத்திரை இருந்தால் சூராட்தான். அவள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கிராணி வீட்டம்மா ஒரு நாள் வழியில் பார்த்துக் கேட்டார், "பிள்ளையைப் பதிஞ்சிட்டியோ?"

"பதிஞ்சாச்சும்மா."

பன்னிரண்டு வருடம் கழித்து ஐசி ஆபீசில் அது சூராட்டே இல்லை என்று திருப்பி அனுப்பியபோது, மங்கம்மா என்னிடம் ஓடி வந்தாள். "நான் பதிஞ்சேன். அவனுங்க தொலைச்சிட்டு எதையோ குடுத்திருக்கானுங்க" என்றேன். சாகிற வரைக்கும் அந்த ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பாவமும் செய்யாத ஆட்களை.

என் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாதுதான். மெர்டேக்கா, சுதந்திரம், வந்த வருடம் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு பெயர் பதிகிற வரிசையில் ஒரு பகல் முழுவதும் நின்றார். பத்து வயதுப் பையனைத் தோளில் தூக்கணுமா என்று எல்லாரும் சிரித்தார்கள். கூட்டத்தில் தொலைந்துவிடுவேன் என்ற பயம் அவருக்கு. அன்றைக்கு அவர் பெயருக்கு நேரேயும் கோடுதான் விழுந்திருக்கும்.

மே 15, வியாழன்

பெரட்டு மேல தப்பா, என் மேல தப்பா? ரெண்டு மேலயும்னு சொல்லலாம். ஆனா பெரட்டு பொய் சொல்லல. நான்தான சொன்னேன்.

மே 18, ஞாயிறு

சத்தியசீலன் இரண்டாவது சாட்சி யார் என்று கேட்டார். தேடுகிறோம் என்றேன். "இன்னும் ஒன்பது நாள்தான், தாத்தா. ஒருத்தராவது இருப்பாங்கல்ல? நல்லா யோசிங்க. உங்க தலைக்குள்ள இல்லாத ஆளா?"

ரோகினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த வெற்று பாரத்தில் தன் பெயரைப் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு அழித்தாள். நம்பர் எழுதுகிற கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். பன்னிரண்டு கட்டம். நான் எண்ணினேன்.

மே 21, புதன்

செரம்பானுக்குத் தனியாகப் போனேன். விமலாவிடம் கோயிலுக்கு என்று சொன்னேன்.

மோகனா தவழ்கிற வயதிலேயே கிராணி குடும்பம் செரம்பானுக்கு மாறிவிட்டது. தோட்டத்தை விற்ற பிறகு எட்டு வருடம் நான் அந்த அம்மா வீட்டில் புல் வெட்டினேன். கிராணி செத்தபோது பாடையும் தூக்கினேன். வீடு எனக்குத் தெரியும். பஸ்ஸில் போகும்போது ஒரு நினைப்பு வந்தது. சொல்லவே கூசுகிறது. அவர் இந்நேரம் போயிருக்கக் கூடாதா?

கேட் பூட்டியிருந்தது. வராந்தாவில் சக்கர நாற்காலி. தலை முழுக்க வெள்ளை. தொண்ணூற்றிரண்டு வயது இருக்கும். மகள் மயூரி மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், அவருக்கே அறுபது வயது. நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நின்றேன்.

"ஆரது? கணேசுவோ?"

கண்ணாடி கூடப் போடவில்லை அவர்.

உள்ளே கூப்பிட்டார்கள். புல் யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். இப்போது வருகிற பங்களாதேஷ்காரன் செம்பருத்தியை அடியோடு வெட்டிவிட்டான் என்று அவர் ஒரு பாட்டம் திட்டினார். பிறகு, நான் பயந்துகொண்டே இருந்த கேள்வி வந்தது.

"அந்த வெள்ளத்துப் பிள்ளை எப்பிடி இருக்கிறாள்? நான் கைக்குள்ள வாங்கின முதல் பிள்ளையும் கடைசிப் பிள்ளையும் அவள்தான். ஆஸ்பத்திரியில டாக்குத்தர்மார் விட மாட்டினம்." சிரித்தார். "மயூரி, இவன்தானடி அந்தப் பிள்ளையைப் பதிஞ்சவன். மழைக்குள்ள நடந்து போய்."

நான் மழைக்குள் நடந்து போனேன் என்று அவரிடம் எப்போது சொன்னேன்? சொல்லியிருப்பேன்.

"நல்லா இருக்கா, அம்மா" என்றேன்.

தேத்தண்ணி கொடுத்தார்கள். பீங்கான் கோப்பையில்.

மே 22, வியாழன்

எதற்குப் பயப்படுகிறேன்? ஜெயிலுக்கா? எழுபத்தெட்டு வயதுக்காரனை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? இல்லை. மோகனா எனக்கு முன்னால் தட்டை வைக்கும்போது முதல் கரண்டிச் சோறு எப்போதும் எனக்கு. 'எனக்காக ஒரு ஆம்பள போய் நின்னாரு' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அதற்குத்தான்.

அந்தச் சோற்றுக்காக ரோகினியையும் கக்கூஸ் கழுவ அனுப்பப் போகிறேனா?

மே 24, சனி

சொல்லிவிட்டேன்.

மோகனா வாடகைக்கு இருக்கும் அறைக்குப் போனேன். ரோகினி நூலகத்துக்குப் போயிருந்தாள். மோகனா குத்தகைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய சீருடையைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். மழை, பெரட்டு, கிராணி போட்ட கோடு, அடுப்பில் போட்ட துண்டுக் காகிதம், எல்லாம். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே சட்டையை மூன்று தடவை பிரித்து மடித்தாள்.

"சாமி படத்துக்கிட்ட இருந்துச்சே, அது?"

"அம்மை குத்தின கார்டு."

"அம்மா வெள்ளிக்கிழம தவறாம அதுக்குக் குங்குமம் வச்சாங்க, மாமா."

எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

பக்கத்துக் கடையில் தேங்காய் துருவுகிற மிஷின் ஓடி ஓடி நின்றது.

"ஒரு நாளுக்கா, மாமா?"

"ஒரு நாளுக்கு."

"நான் கோலா பிலாவுக்கு வந்தேன்ல. அதுவும் ஒரு நாள்தான்."

மன்னிச்சிடுன்னு சொல்ல வாயத் தொறந்தேன், அவ கையக் காட்டிட்டா. வேணாம்னு.

பிறகு கேட்டாள், "அந்தக் கிராணி வீட்டம்மா சிலோன் போகலதான?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இருக்காங்களா?"

"இருக்காங்க. ஞாபகம் எல்லாம் இருக்கு. உன்னக் கேட்டாங்க."

அப்போதுதான் அவள் கண் கலங்கியது. நான் சொன்ன பொய்க்கெல்லாம் கலங்காதவள், யாரோ தன்னைக் கேட்டார்கள் என்றதற்குக் கலங்கினாள்.

"அவங்க பேரு?"

சொல்ல வந்தேன். அவளே தடுத்தாள். "என்கிட்ட வேணாம். நாளைக்கு எழுதுற இடத்துல சொல்லுங்க. எல்லாத்தையும் அங்க சொல்லுங்க. ரோகினி முன்னால."

எழுந்து வந்தேன். நான் போனால் அவள் தேத்தண்ணி போடாமல் விட்டதில்லை. இன்றைக்குப் போடவில்லை.

மே 25, ஞாயிறு

மண்டபத்தில் மோகனா எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் ரோகினி.

சத்தியசீலனிடம் எல்லாம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு எழுதினார். மலாயில் எழுதியதைத் திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டினார். 'அன்றைய வேலை நாளை இழக்க விரும்பாததால் பிறப்பைப் பதிவு செய்யவில்லை. பதிவு செய்ததாகத் தாயிடம் பொய் சொன்னேன்.' இவ்வளவுதான். ஐம்பத்து நாலு வருடம் மூன்று வரியில் அடங்கிவிட்டது.

"கேஸ் வருமா, சார்?" என்று கேட்டது மோகனா. நான் இல்லை.

"உண்மையத்தான சொல்லியிருக்காரு. வராதுன்னு நினைக்கிறேன். எதுக்கும் வக்கீலக் கேட்டுட்டுத்தான் செவ்வாய்க்கிழம உள்ள போவோம்."

மையில் பெருவிரலை அழுத்தினேன். ரோகினி என் மணிக்கட்டைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டுத்தான் இருந்தது. பிடித்த பிடி இறுக்கமாக இருந்தது. கோபமா, உதவியா, கேட்கவில்லை. ரேகை முழுசாக விழுந்தது.

"சரி. ரெண்டாவது சாட்சி?" என்றார் சத்தியசீலன். "அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ள இருந்தவங்களச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா."

சொன்னேன். அவள் அம்மா மங்கம்மா, இல்லை. அப்பா, இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவி, எதிர் வீட்டுக்காரி, இல்லை. பிறகு வந்த மாரியம்மா, இல்லை. சுடுதண்ணீர் வைத்த ரதி, போன தீபாவளியோடு இல்லை. அவர் ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். கிராணி போட்ட மாதிரியே.

"அவ்வளவுதானா?"

மோகனா என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள்.

"இன்னும் ஒருத்தர். செரம்பான்ல இருக்காங்க. கிராணி விசுவலிங்கத்தோட சம்சாரம். இவளக் கையில வாங்குனவங்க. போன புதன்கிழமகூடப் பாத்தேன்."

"பேரு சொல்லுங்க, தாத்தா."

சொன்னேன். அவர் எழுதினார், கோடு போடவில்லை.

அன்னபூரணம்.